சுவரில் நான்காம் தேதி

கட்லர் ஃபோர்க்கில் நவம்பர் மூன்றாம் தேதி காலை எண்பத்து மூன்று தடவை மணி அடிக்கும். 1913-இல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்துச் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு அடி. செத்ததென்னவோ எண்பத்து நாலு பேர். மணி கிடைக்காத ஒருவன் என்ரிகோ ரூஃபோ. அவன் தீக்குச்சி உரசியதால்தான் வெடித்தது என்று ஊர் வரலாறு எழுதி வைத்திருக்கிறது. பிழைக்க வந்த இத்தாலிக்காரன், செத்தும் போனவன். பழி போட அதைவிட வசதியான ஆள் ஏது?

பெயர்களை வாசித்து மணி அடிப்பவள் டெல்மா ஹேக்கர். ஊர் அருங்காட்சியகம் அவள் பொறுப்பு. பட்டியலில் முதல் பெயர் அவள் தாத்தா ஏமஸ். தினமும் ஆட்கள் இறங்குமுன் ஒவ்வொரு அறையிலும் தீப்பிடித்து வெடிக்கும் வாயு இருக்கிறதா என்று பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாகச் சுவரில் சுண்ணக்கட்டியால் தேதியும் தன் பெயரெழுத்தும் போடுவது அவர் வேலை.

இந்த வருஷம் மார்ச்சில், வெடித்த அன்று பிணங்களைத் தூக்கிய ஒருவரின் நோட்டு பழைய பெட்டியொன்றில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ரூஃபோ கிடந்த அறையின் சுவரில் கண்டதை அவர் அப்படியே குறித்திருந்தார்: 'ஏ.ஹெச்., நவம்பர் 4'. வெடித்தது மூன்றாம் தேதி. அறையில் தேங்கிய வாயுவைத் தாத்தா சோதிக்கவே இல்லை. மறுநாளைக்கும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்.

டெல்மா நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். யோசிக்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எட்டு மாதம் யோசித்தாள்.

நவம்பர் மூன்றாம் தேதி, கூட்டத்தின் முன்னால் அந்த நோட்டை வாசித்தே விட்டாள். "என்ரிகோ ரூஃபோ" என்று சொல்லி எண்பத்து நாலாவது தடவை கயிற்றை இழுத்தாள். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்கு நடந்தார்கள். போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூட.

என்ரிகோவின் பேத்தி கான்செட்டா வேலிக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தாள். வருஷா வருஷம் அவளும் அவள் அண்ணன் சாலும் அங்கேதான் நிற்பார்கள். தாத்தாவுக்கு ஒரு மணி கேட்டு ஊர்க் குழுவுக்கு எழுதி எழுதியே கிழவனானவன் சால். இந்த வருஷம் அவள் மட்டும்தான் வந்திருந்தாள்.

"எங்கேடி கிடைச்சுது இது?"

"ஒரு பெட்டியில வந்துச்சு."

"எப்போ?"

நேற்று என்று சொல்லிவிடலாம். பொய் சொல்ல டெல்மாவுக்கு மனம் வரவில்லை.

"மார்ச்சுல."



"எங்கண்ணன் ஆகஸ்டுலதான்டி செத்தான். நீ சோறாக்கி எடுத்துட்டு வந்தே. என் அடுப்படியில நின்னு நீதானே எனக்குப் பரிமாறினே."