சொன்னதைச் சொல்லாதவள்

தினேஸ்வரி பல்கலைக்கழகத்தில் முதன்மைப் பாடமாகப் படிப்பது புள்ளியியல். அதைப் பற்றித் தாமான் செம்பாக்காவில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. துணைப்பாடமாக எடுத்தாளே கவுன்சலிங், அதுதான் எல்லார் வாயிலும் விழுந்தது. "பேசுறதுக்கெல்லாம் ஒரு படிப்பா? நம்ம சனத்துக்கு அது பொறந்ததுல இருந்தே வருமே" என்று பெற்ற தாயே சிரித்தார். பேசுவதற்கு இல்லை, கேட்பதற்குத்தான் படிப்பு என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அதை யாரும் கேட்கவில்லை.

ஆயர் தாவார் ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த குடியிருப்பு அந்தத் தாமான். அறுபது வீடுகள், சுற்றிலும் செம்பனை. ஒரு வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நாலாவது வீட்டில் கணக்கு வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் தினேஸ்வரி செமஸ்டர் விடுமுறைக்குள் கவுன்சலிங் பாடத்துக்காக ஒரே ஆளோடு மூன்று அமர்வு முடிக்க வேண்டும். வாரம் ஒன்று, முக்கால் மணி நேரம். சொந்தக்காரர் கூடாது. அறிவுரை சொல்லவே கூடாது. கேட்டது வெளியே போகக் கூடாது. கடைசியில் வந்தவர் தம் கைப்படக் கருத்தெழுதி, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தாள் போச்சு, பட்டம் ஆறு மாதம் தள்ளிப் போகும். "தமிழ்ல எழுதினாலும் பரவாயில்ல, நானே படிச்சுக்குவேன்" என்றிருந்தார் விரிவுரையாளர் டாக்டர் ஹஃபீஸா. ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிமின் மகள் அவர்.

ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்தவளை, குமுதா அத்தையே தேடி வந்தார். அடுத்த தெருவில் ரவிக்கை தைப்பவர். அத்தை என்பது வாய்வார்த்தைக்குத்தான். அந்த வகையில் தாமானில் அவளுக்கு முப்பது அத்தை இருந்தார்கள்.

குடியிருப்பின் பொது மண்டபமான பாலாய் ராயாவில், பூப்பந்து மட்டைகள் கிடக்கும் அறையைக் கேட்டு வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தினேஸ்வரி முதல் அமர்வைத் தொடங்கினாள்.

"அத்தை, இங்க பேசுறது எதுவும் வெளிய போகாது. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"சரிலா, சரிலா. அப்படித்தான் சொல்லணும்" என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே அத்தை கையெழுத்துப் போட்டார். அந்தச் சிமிட்டல் அவளுக்குக் கொஞ்சம் இடித்தது.

அத்தையின் வழக்கு இதுதான். எதிர்வீட்டு மாரியம்மாவும் அவரும் பதினெட்டு வருடச் சிநேகிதிகள். மாரியம்மா மகளுக்குத் தெலுக் இந்தானில் கல்யாணம். "ஊரெல்லாம் தட்டு தூக்கிட்டுப் போயி வெத்தல பாக்கு வச்சு அழைச்சா. எனக்கு? வாட்ஸ்அப்புல அனுப்புறா! கூடவே ரெண்டு ரோசாப்பூ படம் வேற. நானும் விடல. போனேன், பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டேன், கை நனைக்காம பஸ் ஏறிட்டேன்."

கல்யாண வீட்டில் சாப்பிடாமல் வருவது கன்னத்தில் அறைவதை விடப் பெரிது. அன்றோடு பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகிறது.

"ஆனா பாரு, எனக்கு அவ மேல கோவமே இல்ல. வாசல்ல வந்து 'ஏன்டி குமுதா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், எல்லாத்தையும் மறந்துருவேன். இத நீ யார்கிட்டயும் சொல்லிறாதே." அத்தை கதவு வரை போய்த் திரும்பினார். "யார்கிட்டயும். மாரியம்மா அஞ்சரைக்கு வேல விட்டு வந்துருவா."

தினேஸ்வரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. தாமான் செம்பாக்காவில் 'யார்கிட்டயும் சொல்லிறாதே' என்பது கடிதத்தில் ஒட்டும் தபால்தலை. ஒட்டியாயிற்று என்றால் பொழுது சாய்வதற்குள் சேர வேண்டிய காதில் சேர்ந்துவிட வேண்டும். நேரே போய்ச் சொன்னால் இறங்கிப் போனதாகிவிடும். சொல்லாமலே விட்டால் சண்டை நீளும். ஆகவே நடுவில் ஒரு வாய் வேண்டும். எட்டு வயதில் ஒரு பிஸ்கட்டுக்காக அவளே எத்தனையோ செய்தி சுமந்திருக்கிறாள். இப்போது அத்தை படித்த பிள்ளையாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் அவள் பையில் இருந்தது. அவள் சொல்லவில்லை.

மறுவாரம் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன, அவ ஒண்ணும் கேக்கலியா?"

"யாரு அத்தை?"

"யாரா! அப்ப நீ சொல்லவே இல்லியா?"

"நீங்கதானே சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க."

அத்தை அவளைப் பார்த்த பார்வையில், இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தது வீண் என்பது தெளிவாகத் தெரிந்தது. தினேஸ்வரி பாடத்தில் படித்தபடி முறையாகக் கேட்டாள்: "நீங்க விருப்பப்பட்டா, நீங்க சொல்லச் சொன்னதாவே நான் மாரியம்மா பெரியம்மாகிட்ட சொல்லலாம்."

"அலாமா! நான் சொல்லச் சொன்னேன்னா என் மானம் என்னாகுறது? சொல்லணும், ஆனா நான் சொல்லச் சொல்லக் கூடாது. இது கூடவா தெரியாது ஒனக்கு?" மீதி நேரம் முழுக்க இதே செய்தியை, ஒருவேளை போன வாரம் சரியாக விளங்கவில்லையோ என்று, இன்னும் விளக்கமாகச் சொன்னார். போகும்போது, "அடுத்த வாரம் வந்தாத்தான் உண்டு" என்றார். அது வெறும் பேச்சில்லை என்று தினேஸ்வரிக்குத் தெரியும்.

அன்று மாலையே மாரியம்மா ஒரு தட்டில் சுடச்சுட வடையோடு வந்து நின்றார். "தினேசு, அவ ரெண்டு வாரமா வந்து பேசுறாளாமே. என்னா சொல்றா?"

"அதச் சொல்ல முடியாது பெரியம்மா."

"நல்லதா சொன்னாளா, கெட்டதா சொன்னாளா? அத மட்டும் சொல்லு."

"அதயும் சொல்ல முடியாது."

மாரியம்மாவின் முகம் சுருங்கியது. "அப்ப வாயால சொல்ல முடியாத அளவுக்குப் பேசியிருக்கா" என்று வடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டு குடும்பத்தையும் சேத்து வைக்கிற நேரத்துல வாயில பூட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறியே, இதுக்கா ஹாஸ்டல்ல போயி கஷ்டப்பட்ட?" என்று பிடித்துக்கொண்டார்.

அவளுக்கு அழுகையே வந்தது. ஒரே ஒரு வாக்கியம். மாரியம்மா வீடு இவர்கள் வீட்டுக்கு நேர் பின்புறம்தான்; பின்வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னால் சண்டை தீரும், அத்தை மூன்றாம் வாரமும் வருவார், தாளும் தேறும். அவள் டாக்டர் ஹஃபீஸாவுக்குப் போன் போட்டாள். "நான் என்ன செய்யட்டும் டாக்டர்?" "நீ என்ன செய்யணும்னு நினைக்கிற?" "தெரியல டாக்டர்." "தெரியலன்னா உனக்கு எப்படி இருக்கு?" கவுன்சலிங் படித்தவரிடம் போய் யோசனை கேட்டது தன் தப்பு என்று போனை வைத்தாள். பெரியம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. அவள் திரையை இழுத்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் ஐந்து மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. ஐந்தே காலுக்கும் காலியாக இருந்தது. ஆறு மாதம் தாமதமாகப் பட்டம் வாங்கினால் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்று தனக்குத்தானே அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"நான் வரலன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்ற குமுதா அத்தை, நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒன்கிட்ட சொல்றதும் இந்தச் சொவத்துக்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான். எதுவும் எங்கயும் போகாது."

"போகாது அத்தை."

அமைதி வந்தால் அதைப் பேசி நிரப்பாதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக் கூட்டத்தில் பிறந்தவளுக்கு அது பட்டினி கிடப்பதை விடக் கஷ்டம். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. அத்தை மேசைமேல் கிடந்த இறகுப்பந்தை எடுத்து, தைக்கிற விரலால் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கல்யாணத்துல தாலி ஏறுன பெறகு மாரியம்மா மகளக் கட்டிப்பிடிச்சு அழுதா பாரு" என்றார் கடைசியில். "எனக்கு நெஞ்சு அடச்சிருச்சு. எலையில உக்காந்தா சோத்துலயே அழுதுருவேன். அதான் ஓடியாந்துட்டேன். வாட்ஸ்அப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

தினேஸ்வரி காத்திருந்தாள்.

"இந்தத் தாமானுக்கு வர்றதுக்கு முந்தி எனக்கொரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு. மூணு நாள்தான். இருந்திருந்தா மாரியம்மா மக வயசு. அவளுக்கே தெரியாது, நான் சொன்னதில்ல. எம் மவன் ரூபன் பொறந்த பெறகு எங்க வீட்டுக்காரரும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னுட்டாரு." இறகுப்பந்தைக் கீழே வைத்துவிட்டு, "பேரு கூட வச்சிருந்தோம்" என்று அத்தை அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னதும் இன்னொரு முறை சொன்னார்.

அன்று அவர் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. கருத்துத் தாளை வீட்டில் எழுதித் தருவதாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனார்.

மாரியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மூன்று வாரம்! ஒரு சொல் கசியாத மூன்று வாரத்தை அந்தத் தாமான் கண்டதே இல்லை. மறுநாள் மாலை தெருவே பார்க்கக் குமுதா வீட்டு இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கினார். "ஏன்டி குமுதா! அந்தப் பொண்ணுகிட்ட என்னப் பத்தி என்னதான்டி சொன்ன?"

"அவதான் சொல்லித் தொலையலியே! நான் என்னா பண்ண?"

"ஒன்ன நான் தட்டு வச்சு அழைக்கணுமா? கூடப் பொறந்தவளுக்கு எவளாச்சும் தட்டு வைப்பாளா?"

"அத வந்து சொல்றதுக்கு ரெண்டு மாசமா ஒனக்கு?"

அரை மணி நேரம் கதவின் இருபுறமும் நின்று கத்தினார்கள். பிறகு கதவு திறந்தது, மாரியம்மா உள்ளே போனார், இருட்டிய பிறகும் வெளியே வரவில்லை. அடுத்த நாளிலிருந்து இருவரும் ஜோடியாக வீடு வீடாகப் போய், தினேஸ்வரி எவ்வளவு அழுத்தக்காரி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒட்டிய உறையை அத்தை கொண்டுவந்து கொடுத்தபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

அந்த உறையை டாக்டர் ஹஃபீஸா தம் அறையில் அவள் முன்னாலேயே பிரித்தார். தையல்காரர்களின் நீலச் சுண்ணக்கட்டியால் கறைபட்ட தாள்.

"குறை: இந்தப் பொண்ணிடம் ரெண்டு வாரம் மெனக்கெட்டுச் சொன்னேன். ஒரு சொல் கூட யாரிடமும் சொல்லவில்லை. இப்படி இருந்தால் தாமானில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது? நீங்கள் கண்டிக்க வேண்டும்."

டாக்டர் ஹஃபீஸா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறார், இப்படி ஒரு புகார் வந்ததில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் படித்தார்.

"நிறை: மூணாவது வாரம் சொன்னதையும் சொல்லவில்லை. இருபத்தஞ்சு வருசம் கழித்து அவள் பேரை வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்."

அவர் சிரிப்பு நின்றது.

"யார் பேரும்மா?"

தினேஸ்வரி வாயைத் திறந்தாள். கேட்பவர் ஆசிரியர், மதிப்பெண் போடப் போகிறவர்.

"அது அத்தையோடது, டாக்டர்" என்றாள்.

டாக்டர் ஹஃபீஸா தலையை ஆட்டினார். தாளை மடித்து உறைக்குள் வைத்து, அதன் வாயைத் தாமே மறுபடி ஒட்டினார்.