இறுகாத பிரேக்

ரயில் பாதைக்கு நூறு வயது நிறைந்த அன்று பாதி ஊரே பெட்டியில் ஏறிக்கொண்டது. ஒரே ஒரு பழைய மரப்பெட்டி. அடித்த புது பெயிண்ட்கூடக் காயவில்லை. நகராட்சித் தலைவர் முதல் கைக்குழந்தைவரை நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து முக்கி முக்கி அதை மலைமேல் தள்ளியது. முன்மேடையில் பிரேக் சக்கரத்தைப் பிடித்து நின்ற பிரேக்காரனுக்கு விழாவாவது மண்ணாவது!

காலையில்தான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். அதே பெட்டியில் டிக்கெட் கிழிக்கிறவள். உதடு பிளந்து, கன்னம் பன் மாதிரி வீங்கி, முன்பல் ஒன்றைக் காணோம். படியில் விழுந்துவிட்டாளாம். எந்தப் படி அது, கையும் காலும் முளைத்த படியா? எஞ்சின் ஓட்டுகிற அவள் புருஷனின் கைவரிசை என்பது ஊருக்கே தெரியும். அந்தப் படுபாவியை நல்லவன் என்று நம்பிக் கட்டிவைத்தவனும் இந்த அண்ணன்தான். வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினான். துணிமணியை மூட்டை கட்டிவிட்டேன், சாயங்காலம் வண்டி இறங்கியதும் உன்னோடு வந்துவிடுகிறேன் என்று ரகசியமாகச் சொன்னாள். சாயங்காலம்வரை பொறுத்திருக்கலாம். ஆத்திரம் பொறுக்கவிட்டால்தானே.

பாதி மலையில் எஞ்சினைக் கழற்றி, தண்ணீர் பிடிக்கப் பக்கத்துப் பாதைக்குக் கொண்டுபோவார்கள். சரிவில் தனியே நிற்கும் பெட்டிக்கு அப்போது பிரேக்காரன்தான் கதி. சக்கரத்தை இறுகும்வரை முறுக்கி, கீழே பெட்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் அவன் நகரவேண்டும். அன்று பாதிதான் முறுக்கினான். கட்டையின் நினைப்பே வரவில்லை.

பக்கத்துப் பாதையில் நின்ற எஞ்சினில் தாவி ஏறியவனைப் பார்த்து டிரைவர் இளித்தான். "என்ன மச்சான், டீ கொண்டாந்தியா?"

பதிலுக்குக் கரி உடைக்கும் சுத்தியல் இறங்கியது. தோள் எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. டிரைவரும் லேசுப்பட்டவனல்ல, நெருப்பு கிளறும் கம்பியை உருவி மச்சான் தொடையில் அழுத்தினான். சதை பொசுங்கிய நாற்றத்தில் பிரேக்காரனுக்கு வெறி தலைக்கேறியது. மாப்பிள்ளையின் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை இரும்பில் மோதினான். திரும்பத் திரும்ப மோதினான். பல்லும் ரத்தமும் கரித்தூளில் விழுந்தன. தங்கச்சிக்குப் போனது ஒன்று, இவனுக்கு ஒரு வாய் நிறைய. அப்பாடா என்று இருந்தது, சொன்னால் என்ன! எஞ்சின் அடுப்பின் நெருப்பு வாயைத் திறந்து தலையை உள்ளே தள்ளப்போனான்.

"பெட்டி போகுதுடா, பாவி!" எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் கரிக்காரன் தண்ணீர்த் தொட்டிமேல் நின்று கத்தினான்.

பிரேக்காரன் பிடியை விட்டுத் திரும்பினான். பெட்டி பின்னோக்கி உருண்டு வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே கூக்குரல். அந்தப் பெட்டியில்தான் தங்கச்சி இருக்கிறாள். வெந்த காலை இழுத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடினான். கீழே வளைவு, அதைத் தாண்டினால் பாதாளம்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி கிறீச்சிட்டு, புகைந்து நின்றது. முன்மேடையில் தங்கச்சி பிரேக் சக்கரத்தின்மேல் குப்புறக் கிடந்தாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து முறுக்கியிருக்கிறாள். விழாவைப் படம் பிடிக்க வந்து, பயந்து குதித்த போட்டோக்காரரின் கால் மட்டும் சக்கரத்தில் நசுங்கிப்போயிருந்தது. அவர் அலறல் காதைக் கிழித்தது.

மூச்சிரைக்க வந்த அண்ணன் கையை நீட்டினான். "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம். அவன இனி எழுந்திருக்க முடியாம பண்ணிட்டேன்."

அவள் கையைப் பிடிக்கவில்லை. ரத்தம் அப்பிய அந்த விரல்களையே பார்த்தாள்.

"கை நடுங்குதுண்ணே," என்றாள். "என்ன அடிச்சு முடிச்சதும் அந்தாளுக்கும் இப்படித்தான் நடுங்கும்."

பிறகு கீழே இறங்கி, துப்பட்டாவைக் கிழித்துப் போட்டோக்காரரின் காலைக் கட்டினாள். உன் வீட்டுக்கும் நான் வரவில்லை என்று நிமிராமலே சொன்னாள்.

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை.