ஜனாதிபதிக்கு உடம்பு சரியில்லையாம்

காலை ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது தெரேசா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அமெரிக்க ஜனாதிபதி, வருகிற தேர்தலில் தான் நிற்கப்போவதில்லை என்று ஒரு கடிதம் எழுதி வெளியிட்டுவிட்டாராம். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கிறாராம். பிறகு வந்து மக்களிடம் பேசுவாராம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் செய்தி வாசிப்பவர் மழை நிலவரத்துக்குப் போய்விட்டார். தெரேசா கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்களா?" என்றாள் கணவரிடம்.

ஏசுரத்தினம், அலோன் என்கிற துறைமுகப் பகுதியில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "கேட்டேன். வயசாச்சு, மனுஷன் ஒதுங்கிட்டாரு. நல்ல காரியந்தானே."

"உடம்பு சரியில்லையாம்."

"ஆமா. வயசானா சரியில்லாமத்தான் போகும்."

"கடுதாசி மட்டும் வந்திருக்கு. ஆளக் காணோம்."

அவள் பேச்சு எங்கே போகிறது என்பது ஏசுரத்தினத்துக்குப் புரிந்துவிட்டது. "தெரேசா, அது அமெரிக்கா" என்று சிரித்தார்.

பிறந்ததிலிருந்து யாங்கோனில் இருப்பவளிடம் இதைச் சிரித்து மழுப்ப முடியுமா? இந்த ஊரில் பெரிய நாற்காலியில் இருப்பவருக்கு உடம்பு சரியில்லை என்று ரேடியோ சொன்னால், பாவம் என்ன வியாதியோ என்று யாரும் விசாரிப்பதில்லை. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில வருஷங்களுக்கு முன் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்தப் பிப்ரவரிக் காலையில் போன் செத்துக் கிடந்தபோது, ஏதோ லைன் கோளாறு என்று நினைத்து நிதானமாகத் துணிக்கு இஸ்திரி போட்டவள் தெரேசா. அவள் நாலு மாடி இறங்கித் தெருவுக்கு வருவதற்குள் பாங்கு மூடிக் கிடந்தது, அரிசிக் கடை துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. அன்றைக்கே ஒரு முடிவு செய்திருந்தாள். அடுத்த தடவை படியில் முதலில் இறங்குகிறவள் தானாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அரிசி மட்டுமா அவள் கவலை? அவளுடைய ஒரே மகள் ஆன்மேரி அங்கேதான் இருக்கிறாள், இண்டியானாவில். விசா குலுக்கலில் பெயர் விழுந்து போய் எட்டு வருஷமாகிறது, ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வருகிற வெள்ளிக்கிழமை ஒரு மண்டபத்தில் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தால் அவள் அமெரிக்கக் குடிமகள். அந்தக் கையைத் தூக்கிய நிமிஷமே பர்மாக் குடியுரிமை போய்விடும்.

அது லேசில் வந்த குடியுரிமை அல்ல. தெரேசாவின் அப்பா இந்த ஊரிலேயே பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, கடைசிவரை வெளிநாட்டவர் என்ற சீட்டோடேயே செத்தார். தெரேசாவுக்குக் கிடைத்தது பச்சை அட்டை, பாதிக் குடிமகள் மாதிரி. ஆன்மேரிக்குத்தான் முழுசாக ரோஸ் அட்டை கிடைத்தது. அதற்காகத் தெரேசா ஏறாத ஆபீஸ் படி இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. மூன்று தலைமுறை நடந்து வாங்கியதை ஒரு கையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதா என்று ஒரு மாதமாக வீட்டில் சண்டை. ஏசுரத்தினம் சரி என்றுவிட்டார். தெரேசா சொல்லவில்லை. அம்மா சரி சொல்லாமல் நான் போகமாட்டேன் என்று மகளும் சொல்லிவிட்டாள். இப்போது திங்கட்கிழமை.

"அந்த ஊரை நம்பித்தான் கார்டத் தூக்கிக் குடுக்கப்போறா" என்றாள் தெரேசா. "அங்கயும் ஆரம்பிச்சாச்சு."

ஏசுரத்தினம் குடையை எடுத்தவர் நின்றார். "உண்மையைச் சொல்லு. பயப்படுறியா, இல்ல மக வந்துடுவான்னு சந்தோஷப்படுறியா?"

தெரேசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது பாதி உண்மை, அதனால்தான். பயத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. அதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மகளுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கிற சத்தம் கேட்கவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அதே வட்டம். இங்கே இணையம் படுத்து எழுந்திருப்பது தினசரி நடப்பதுதான், ஆனாலும் கோளாறு அந்தப் பக்கம் என்றே அவள் மனசு சொன்னது. அங்கே இப்போது ஞாயிறு ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை ஆன்மேரிக்கு லீவு. வீட்டில் இருக்கிற பிள்ளை ஏன் எடுக்கவில்லை?

கீழே மீரா முகைதீனின் மளிகைக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு மூட்டை அரிசி, எண்ணெய், மெழுகுவத்தி என்று தெரேசா சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன டீச்சர், வீட்ல விசேஷமா?"

தெரேசா சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். அதனால் வெளிநாட்டுச் சங்கதி எதுவானாலும் அவள் சொன்னால் தெருவில் அதற்கு அப்பீல் கிடையாது.

"விசேஷமெல்லாம் இல்ல பாய். அமெரிக்க ஜனாதிபதிக்கு உடம்பு சரியில்லையாம். விலகிட்டாராம். கடுதாசி குடுத்திருக்காரு."

"கடுதாசியா? ஆளு?"

"ஆளு வெளிய வரல."

மீரா முகைதீன் தெருவை எட்டிப் பார்த்தார். "அமெரிக்காவுக்கேவா?" என்றார். பிறகு உள்ளே போய், தம் வீட்டுக்கென்று இரண்டு மூட்டையைத் தனியாக நகர்த்தி வைத்தார்.

அங்கே கலகம் என்றால் இங்கே அரிசி எதற்கு என்று கேட்பீர்கள். தெரேசாவே தன்னைக் கேட்டுக்கொண்டாள். டாலர் ஏறும், டாலர் ஏறினால் பாமாயில் ஏறும், இது அவர்கள் இருக்கிற பபேடான் பேட்டையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதைவிட, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்தால் அந்த வட்டம்தான் கண்ணுக்குள் சுற்றியது. மூட்டையைக் கூலியாள் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு, மழையோடு மழையாகப் பக்கத்துக் கியாக்டடா பேட்டைக்கு நடந்தாள். சூலே பகோடா பக்கத்துப் பாங்கு வாசலில் வரிசை வழக்கம்போல வளைந்து கிடந்தது. அதில் நின்றபடி நாலு முறை போன் போட்டாள். பணம் தீர்ந்துவிட்டது என்று கதவை இழுத்து மூடினார்கள். அது வாரத்தில் பாதி நாள் நடப்பதுதான். அன்றைக்குத் தெரேசாவுக்கு அதுவும் ஒரு சகுனமாகப் பட்டது.

தெருவுக்குத் திரும்பி வந்தால் மீரா முகைதீன் கடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மேல் மாடிகளிலிருந்து கயிற்றில் கட்டிய பைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ரெண்டு வீஸ் எண்ணெய், மூணு வீஸ் எண்ணெய் என்று பர்மா எடைக் கணக்கில் பால்கனிகளிலிருந்து குரல்கள். சமோசா விற்கிற ஸமீரா தெரேசாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சரம்மா, சங்கதி தெரியுமா? அமெரிக்காவுல ராணுவம் எறங்கிடுச்சாம். ஜனாதிபதிய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்களாம். பாங்கு எல்லாம் சாத்தியாச்சாம். போன் போகலியாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

காலையில் மளிகைக் கடையில் தான் கொளுத்திப் போட்டதுதான் தெருவைச் சுற்றி ஊதிப் பெருத்துத் தன்னிடமே வந்து நிற்கிறது என்று தெரேசாவுக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் நான் நினைத்தது சரிதான் என்றுதான் தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. அது தினமும் போகிற நேரம்தான். இருந்தாலும் மெழுகுவத்தி கேட்டு எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள், மாடிப்படிக்குப் போனாள், மொட்டை மாடிக்குப் போனாள். எங்கே நின்றாலும் வட்டம்தான். ஜெபமாலையை எடுத்து ஒரு மணி உருட்டிவிட்டு வைத்தாள். கடைசியாக மகளோடு பேசியது சண்டை. "உங்கப்பன் பேச்சக் கேட்டு ஆடுறே, எம் முகத்துல முழிக்காதே" என்று சொல்லி வைத்திருந்தாள். ஆண்டவரே, அதுதான் கடைசி வார்த்தையாகப் போய்விடுமா? கார்டு நாசமாய்ப் போகட்டும், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று ஒரு நேரம் நினைத்தாள். அவள் திரும்பி வந்தால் போதும் என்று மறு நேரம் நினைத்தாள். இரண்டும் ஒன்றல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஏசுரத்தினம் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். தொப்பலாக நனைந்திருந்தார். கையில் ஒரு தண்ணீர்க் கேன்.

"அலோன் வரைக்கும் வந்துடுச்சு" என்றார் மூச்சு வாங்க. "கப்பல் வராதாம், எல்லாரும் பேசிக்கிறாங்க. பபேடான் டீச்சர் ஒருத்தங்க இங்கிலீஷ் ரேடியோவுல கேட்டாங்களாம்."

தெரேசா அவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர்க் கேனைப் பார்த்தார். காலையில் சிரித்த மனுஷன், நாலு மாடி அதைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

"நானா?" என்றாள் தெரேசா. ஸமீரா சொன்னதெல்லாம் எங்கிருந்து கிளம்பியது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

போன் அடித்தது. வைபரில் ஆன்மேரி. எடுத்ததும் அந்தப் பக்கம் அழுகை.

"அம்மா! அப்பாவுக்கு என்ன? சொல்லும்மா, ஊர்ல என்ன ஆச்சு? இத்தனை மிஸ்டு கால் இருக்கு!"

"எங்களுக்கு என்ன? நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீ எங்கடீ போனே?"

"கூட வேலை பாக்குற ரெபேக்காவுக்கு உடம்பு முடியல, லீவுன்னாலும் என்னைக் கூப்பிட்டு அவ ஷிப்டப் பாக்கச் சொன்னாங்க. நேத்து மத்தியானத்துலேர்ந்து வார்டுலதான் இருக்கேன். போன் லாக்கர்ல. இப்பத்தான் வெளிய வர்றேன்."

"ரோட்டுல ஆளு யாரும் நிக்கிறாங்களா?"

"பஸ்ஸுக்கு ரெண்டு பேரு நிக்கிறாங்க."

"பாங்கு?"

"எட்டு மணி ஆகலியேம்மா. என்னம்மா ஆச்சு உனக்கு?"

தெரேசா சொன்னாள். கடிதம், உடம்பு, பூட்டிய வீடு எல்லாவற்றையும் சொன்னாள். ஆன்மேரி சிரிக்கவில்லை. அவளும் இந்தத் தெருவில் வளர்ந்தவள்தானே.

"தேர்தல்லேர்ந்து விலகினாரும்மா, அவ்வளவுதான். நேத்து மத்தியானம் வார்டு டிவியில காட்டுனாங்க. நாங்கல்லாம் நின்னு பாத்தோம். ஒரு பெரியவரு, இடுப்புல ஆபரேஷன் பண்ணவரு, சேனலை மாத்துன்னு சத்தம் போட்டாரு. பேஸ்பால் பாக்கணுமாம்."

"மாத்துனியா?"

"மாத்துனேன். அப்புறம் எல்லாருக்கும் சூப் குடுத்தேன்."

தெரேசா சுவரில் சாய்ந்தாள். ஒரு தேசத்தின் ஜனாதிபதி விலகுகிறார், ஒரு நோயாளி சேனலை மாற்றச் சொல்கிறார், எல்லோரும் சூப் குடிக்கிறார்கள். இங்கே அந்தச் செய்தியைக் கேட்டு ஒரு தெருவே எண்ணெய் வாங்கித் தீர்த்துவிட்டது. அவள்மேல்தான் தப்பு, ஆனால் அவள் சொன்னதை ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லையே. சந்தேகப்படாதபடி பழக்கப்பட்டுப் போன ஊர். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு எரியவும் செய்தது.

"அம்மா, இருக்கியா?" ஆன்மேரியின் குரல் இறங்கியிருந்தது. "ராத்திரி பூரா யோசிச்சேன். உனக்கு இவ்வளவு கஷ்டம்னா வேண்டாம்மா. வெள்ளிக்கிழமை நான் போகல. வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு தாள் எழுதிக் குடுத்தாப் போதும்."

ஒரு மாதமாக எந்த வார்த்தைக்காகச் சண்டை போட்டாளோ அது வந்துவிட்டது. ஏசுரத்தினம் ஈரத் துணியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொன்னால் முடிந்தது.

"எழுதிக் குடுத்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"வீட்டுக்கு வந்து கேக்க மாட்டாங்களா? ஏன் குடுத்தே, யாரு சொல்லிக் குடுத்தேன்னு?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அது என் இஷ்டம்."

தெரேசா கண்ணை மூடிக்கொண்டாள். தகப்பனார் ஞாபகம் வந்தது. எந்த ஆபீஸில் எதை எழுதிக்கொடுத்தாலும் பிறகு ஒரு வாரம் கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டே படுத்திருப்பார்.

"அப்ப எழுதிக் குடுக்காதே" என்றாள். "வேண்டாம்னு சொன்னாக்கூட ஏன்னு கேக்காத ஊரு. அங்கயே இரு. வெள்ளிக்கிழமை போய்க் கையத் தூக்கு."

கீழே தெருவில் "மீ லாபி!" என்று பிள்ளைகள் பர்மியில் கூவின. கரண்டு வந்துவிட்டது. அந்தக் கூச்சல் போன் வழியாக அங்கேயும் கேட்டிருக்க வேண்டும், ஆன்மேரி வாய்விட்டு அழுதாள்.

"அப்புறம் நான் அங்க வந்தா வெளிநாட்டுக்காரிம்மா. நம்ம வீட்ல படுக்கக் கவர்மெண்டு விடாது. ஓட்டல்லதான் தங்கணும்."

"தெரியும்" என்றாள் தெரேசா. இந்த ஒரு மாதமும் அவள் தூங்காதது அதை நினைத்துத்தான், ஆனால் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ரெண்டு கட்டில் போட்ட ரூமா எடு. நான் வந்து உன்கூடப் படுத்துக்கிறேன்."

"மூணு" என்றார் பின்னாலிருந்து ஏசுரத்தினம்.