ஸ்டாக்கில் ஏறிய நர்ஸம்மா

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின் புகைந்து நின்ற மறுவாரம், எலும்பு வார்டுப் பெரிய நர்ஸம்மாவின் இடது உள்ளங்கையை யார்மேல் வைத்தாலும் உள்ளேயிருக்கும் எலும்பு தெரிய ஆரம்பித்தது. கை பட்ட இடத்தில் தோல் கண்ணாடியாகிவிடும். விரிசல் எங்கே என்று வாட்ச்மேன்கூடச் சொல்லிவிடலாம். யாரும் வாயைப் பிளக்கவில்லை. டெண்டர் முடிந்து புது மெஷின் வரும் என்று நம்புவதைவிட இதை நம்புவது சுலபமாக இருந்தது.

தணிக்கைக்காரர்கள் வந்தபோதுதான் சிக்கல் முளைத்தது. மெஷினே இல்லாமல் இத்தனை பேருக்கு எலும்பு பார்த்தது எப்படி என்று கேட்டார்கள். பெரிய டாக்டர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்படியானால் இது உபகரணம், உபகரணமென்றால் கொள்முதல் நடந்திருக்க வேண்டுமே என்றார்கள். உடனே முன்தேதி போட்டு டெண்டர் விட்டார்கள். போட்டிக்கு ஆள் வேண்டுமே! ஒரு சப்ளையர் தன் மச்சானின் கையைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் மோதிரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இன்னொருவர் கையே இல்லாமல் வழவழப்பான படப் புத்தகம் மட்டும் கொடுத்தார். தரத்தில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் நர்ஸம்மா ஏற்கெனவே சம்பளத்தில் இருந்ததால் அவரே மலிவு என்று முடிவானது. ஸ்டோர்காரர் வந்து அவரை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, முழங்கைக்கு மேலே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினார். அது சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

வெளியூரில் இருந்த ஒரே மகளுக்கு அப்போது தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வேலை நிமித்தம் பாதி நாள் வெளியில். கூட இருக்க அம்மாவை விட்டால் ஆளில்லை. நர்ஸம்மா லீவு கேட்டார். லீவு ஊழியர்களுக்குத்தான், உபகரணங்களுக்குக் கிடையாது என்று பதில் வந்தது. வேலையை விடுகிறேன் என்றார். உபகரணம் தானாக விலக முடியாது, பழுதென்று குழு கழித்துக்கட்ட வேண்டும் என்றார்கள். குழுவும் வந்தது. தங்கள் மூட்டுவலியையெல்லாம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டு, நல்ல நிலையில் இயங்குகிறது என்று எழுதிவிட்டுப் போனது.

மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கிற எலும்பையெல்லாம் பாக்கிற. பெத்த பொண்ணு மூஞ்சியப் பாக்க வர முடியல, இல்ல?"

"நான் என்னடி பண்றது? பீரோவோட சேத்து என்னையும் எழுதி வச்சிருக்கானுங்க!"

"அப்ப பீரோவை ஏத்துற வண்டியிலயே ஏறி வந்து சேரு!"

போனை வைத்த நர்ஸம்மா நேரே ஸ்டோருக்குப் போனார். "அண்ணே, இங்கேருந்து ஒரு சாமான் வெளிய போக என்ன வழி?"

"ரெண்டே வழிதாம்மா. திருட்டு, இல்லாட்டி ரிப்பேர்."

"திருடிட்டுப் போக என்னை யாரு தூக்கறது? ரிப்பேர்னு போடுங்க."

"நல்லா இருக்கிறத எப்படிம்மா ரிப்பேர்னு போடுறது?"

"ஓடாததையெல்லாம் ஓடுதுன்னு போட்டப்ப இந்தக் கேள்வி எங்கண்ணே போச்சு?"

ஸ்டோர்காரர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் ஓடவில்லை. ரிப்பேருக்கு என்று எழுதி கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். வாட்ச்மேன் பாஸையும் ஸ்டிக்கரையும் ஒத்துப் பார்த்து, "ஒடையாம போய்ட்டு வாங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது, பெண் குழந்தை. புது மெஷினும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. ஒயருக்குத் தனி டெண்டர் என்பதால் இன்றைக்கும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மேலே டீ கிளாஸ் வைக்கிறார்கள். ரிப்பேர் முடிந்ததா என்று ஆஸ்பத்திரி அவ்வப்போது கடிதம் போடும். உதிரி பாகம் வரவில்லை என்று நர்ஸம்மா பதில் போடுவார். அந்தப் பதிலை அங்கே யாரும் சந்தேகப்பட்டதில்லை.

மகள் வீட்டுத் தெருவில் சைக்கிளிலிருந்து விழுகிற பிள்ளைகள் நேரே அவரிடம்தான் வருகிறார்கள். முட்டியில் கை வைத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஓடு" என்பார். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். உதிரி பாகம் இன்னும் வரவில்லை.