பலகைக் கனம்

ஃபிட்டரின் விரல் முட்டி இரும்பில் இடித்துத் தோல் பெயர்ந்தது. மறுபடி முயன்றார். அதே இடத்தில் இடித்தது. துப்பாக்கியின் மேலிருந்த தோட்டாத் தட்டைக் கழற்றிக் கையைத் திருப்ப, டாங்கியின் உள்சுவர் வழி விடவில்லை.

தரையில் படுத்துச் சுடுகிற காலாட்படைத் துப்பாக்கி அது. அதை டாங்கிக்குள் பொருத்துவதற்காக எட்டு மாதமாகக் குறுக்கிக்கொண்டிருந்தார். தோளில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையை அறுத்தெறிந்து, இழுத்தால் நீள்கிற இரும்புக் கம்பி வைத்தார். அகலமான தட்டை ஒடுக்கி உயரமாக்கினார். சுட்டுத் தள்ளிய வெற்றுத் தோட்டாக்கள் டாங்கி ஓட்டுபவன் கழுத்துக்குள் சுடச்சுட விழாமலிருக்க அடியில் ஒரு கான்வாஸ் பை கட்டினார். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தது பட்டறை மூலையிலிருந்த பலகைக் கூட்டுக்குள். டாங்கியின் சுழலும் மேல்பகுதிக்கு அங்கே மண்டை என்று பேர். மரத்தில் அதன் மாதிரியைச் செய்தவர் தச்சர், ஃபிட்டரின் தங்கை கணவர். “மரமண்டை வர்றாருப்பா” என்று லேத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது ஃபிட்டர்தான். அந்த மரத்துக்குள் கை தாராளமாகப் போய்வந்தது. நிஜ டாங்கி இன்று காலையில்தான் வந்து நின்றது.

ஃபிட்டர் மேல்மூடி வழியாகத் தலையை நீட்டினார். தச்சர் மட்டும் கீழே நின்றிருந்தார்.

“மாப்ள, அந்த மண்டைக்கு எந்தக் கோட்டுலேருந்து அளவு எடுத்தீங்க?”

“வெளிக்கோடு மச்சான். வரைபடத்துல இருந்தபடி, ஒரு நூல் பிசகல. நான் அலமாரி செஞ்சவன், அலமாரின்னாலே வெளி அளவுதானே, சொவரோட பொருந்தி நிக்கணும்ல...”

தச்சரின் கண் மேல்மூடியின் விளிம்புக்குப் போய்விட்டது. அவர் அடித்த பலகை ஒரு விரல் கனம். இந்தத் தகடு நாலு விரல். உள்ளே பக்கத்துக்கு மூன்று விரல் இடம் போய்விட்டது.

“அய்யோ மச்சான்.”

“கத்தாதீங்க.”

எட்டு மாதம் அந்த மர மண்டைக்குள் உட்கார்ந்து எழுந்த ஃபிட்டர், ஒரு நாளும் பலகைக் கனத்தைப் பற்றி யோசித்ததில்லை. அவர் சொன்னபடி நாற்பது துப்பாக்கிகள் ஏற்கனவே அறுபட்டுக் கிடந்தன. தங்கை இப்போதுதான், தச்சருக்கு இந்த வேலை கிடைத்த பிறகுதான், கதவைச் சிரித்துக்கொண்டே திறக்கிறாள்.

சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி வந்துவிட்டார். பருத்த மனிதர். தட்டு மாற்றப் பத்து விநாடி கெடு. அதைச் செய்துகாட்ட வந்த சிப்பாய் உள்ளே இறங்கினான். எல்லோரும் அவனை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்பு உரசியது, ஒரு முனகல் கேட்டது, தட்டு விழுந்து பூட்டிக்கொண்டது.

“ஒம்பது!” என்றார் அதிகாரி.

வெளியே வந்த ஒட்டடைக்குச்சி புறங்கையைச் சட்டையில் அழுத்திக்கொண்டிருந்தான். ஃபிட்டரிடம் ஒதுங்கி வந்து, “தேறிடுச்சுண்ணே” என்றான். “மூச்ச விட்டுட்டு, தோளச் சரிச்சு உருவிட்டேன். ஒடம்பே இல்லாதவன அனுப்பினாங்க, நீங்க தப்பிச்சீங்க. எங்க குண்டன் மட்டும் வந்திருந்தா மாட்டிக்கிட்டிருப்பான்.”

“அவனும் இதுக்குள்ளதான் உக்காரணுமா?”

“பின்ன? அடுத்த டாங்கி அவனோடது.”

அதிகாரி பேனாவைத் திறந்து ஒப்புதல் தாளை முழங்காலில் வைத்திருந்தார். தச்சர் ஃபிட்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி நின்றதற்குப் பதில் கெஞ்சியிருந்தால் தேவலை.

“சார், கையெழுத்துப் போடாதீங்க.”

“ஏன்யா, ஒம்பதுதானே ஆச்சு?”

“அளவு தப்பு சார். உள்ள எடம் பத்தாது. என் தப்பு.”

“அவரு தப்பில்ல சார்,” என்றார் தச்சர், தலையைத் தூக்காமலே. “மரத்த அடிச்சது நான்.”

“மாப்ள, நீங்க சும்மா இருங்க.”

“நீங்க சும்மா இருங்க மச்சான்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் அதிகாரி. “உங்க குடும்பச் சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம்.”

பேனாவை மூடிப் பைக்குள் செருகினார். டாங்கியை ஏற இறங்கப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, பக்கத்தில் நின்ற தச்சரின் கையில் திணித்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஏறி, இடுப்பை இரண்டு தடவை அசைத்து உள்ளே இறங்கினார்.

இரும்பில் இரும்பு இடித்தது. மறுபடி இடித்தது. தட்டு பூட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் வரவில்லை. ஒட்டடைக்குச்சி ஃபிட்டரைப் பார்த்தான். இந்தத் தடவை யாரும் விநாடி எண்ணவில்லை.

தச்சருக்குத் தொப்பியை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்த பாத்திரம்போல அதை இரண்டு கையிலும் ஏந்தியபடி, ஆடாமல் நின்றார்.