மிதிபாயும் ஒரு பொய்யும்

அந்தக் கடைத்தெருவில் அவரை ஸ்குரு என்றால்தான் தெரியும். கழற்றிய திருகாணிகளைத் தொலைந்துவிடாமல் உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டே வேலை செய்வார். யாராவது பேச்சுக் கொடுத்தால் 'ம்ம்' என்பதோடு சரி. ரேடியோ, ஃபேன், ரிமோட் என்று எது வந்தாலும் பார்ப்பார் என்றாலும், பழைய வீடியோ கேம் பெட்டி வந்தால் அவர் முகமே மாறிவிடும்.

அப்படி ஒரு பெட்டியோடு வந்தார் பஸ் ஓட்டும் அக்கா. முழங்காலில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாக வண்டி எடுக்காமல் வீட்டில் இருப்பவர். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, சுருட்டி வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பாயைப் பிரித்துக் காட்டினார். பாய் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக வட்டங்கள்.

"இது மேல நின்னு ஓடினா, டிவியில இருக்கறவனும் ஓடுவான் தம்பி. சின்ன வயசுல நானும் என் தங்கச்சியும் புத்தகத்துல படம் பார்த்து ஏங்கினது. இப்ப அவ இருக்கற நாட்டுல பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கித் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கா. டாக்டரும் காலை மடக்கு, நீட்டுன்னு உயிரை வாங்கறாரு. எல்லாம் சரி, பிளக் சேர மாட்டேங்குது."

சேராதுதான். அக்காவின் பெட்டியில் ஏழு முள் சாக்கெட். அந்த நாட்டுப் பாய்க்குப் பதினைந்து முள் பிளக். பெட்டியின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டு, புதிதாக ஒரு சாக்கெட் பொருத்தி, உள்ளே இருக்கும் போர்டிலிருந்து ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பற்றவைக்க வேண்டும். ஸ்குருவுக்கு இதைவிடப் பிடித்த வேலை உண்டா? "வெள்ளிக்கிழமை வாங்கக்கா" என்றார்.

மூன்று நாள் பார்த்துப் பார்த்துச் செய்தார். அரத்தால் ராவி ஓட்டையின் விளிம்பை வழவழப்பாக்கினார். தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததுபோல் சாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பாயைச் செருகிப் பெட்டியைப் போட்டார். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதற்கும் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவர், அன்றைக்கு வேலையின் அழகில் மயங்கி அதை மறந்தே போனார்.

பாயின் ஓரத்தில் இருந்த சின்ன டப்பாவிலிருந்து நூல்போலப் புகை கிளம்பியது. பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. சாக்கெட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு முள்ளை எண்ணியிருக்கிறார். அதில் இடம் வலமாகி, போகக் கூடாத கம்பியில் கரண்ட் போயிருக்கிறது.

அரை மணி நேரத்தில் கம்பிகளைச் சரியாக மாற்றிப் பற்றவைத்தார். பெட்டி பிழைத்துக்கொண்டது. பாய் மட்டும் வேலை செய்யவில்லை. அக்கா வந்து நின்றபோது வாயில் கவ்வியிருந்த திருகாணிகளை எடுத்து மேசையில் வைத்தார். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தார். வாயிலிருந்து வந்தது வேறு.

"பெட்டி ரெடிக்கா. பாய்தான்... வரும்போதே செத்துப் போச்சு போல."

அக்கா பாயை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அவளுக்கு எதுலயும் அவசரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டையும் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

அன்றிலிருந்து ஸ்குருவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. செத்துப் போச்சு என்று தாமே சொன்ன குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. போனால் போகிறது, ஒரு பாய்தானே என்று தம்மைத் தேற்றிப் பார்த்தார். அந்தத் தேறுதலும் மருந்துக்கடையில் அக்காவைப் பார்க்கும் வரைதான்.

"கால் எப்படிக்கா இருக்கு?"

"கால் கிடக்கட்டும் தம்பி. அந்தப் பாயால எங்களுக்குள்ள பேச்சே நின்னு போச்சு. கடையிலயே மேல ஏறிக் குதிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. அப்ப மெக்கானிக் பொய் சொல்றாரா, அவருக்கு அதுல என்ன வருதுன்னு கேட்டேன். ஃபோனை வெச்சவதான். இன்னியோட பதினொரு நாள்."

ஸ்குரு எதற்கு மருந்துக்கடைக்கு வந்தோம் என்பதை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லி என்னங்க பிரயோஜனம்? எழுந்து போங்க" என்றாள்.

போனார். அக்கா வீட்டு முன்னறையில் டிவிக்குக் கீழே அந்தப் பெட்டி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, பாய் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கம்பியை மாத்திக் குடுத்து எரிச்சுட்டேன். சொல்ல வாய் வரல. பொய் சொல்லிட்டேன்."

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா திட்டவில்லை. ஃபோனை எடுத்துத் தங்கையை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தார். "என்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க."

ஸ்குரு ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னார். மறுமுனையில் தங்கை பேசினாள்.

"நீங்க பயத்துல சொன்னீங்க. அதை விடுங்க. அக்கா, நீ நாப்பது வருஷமா என்னைப் பார்க்கறே. இவரை எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

அதோடு தங்கை ஃபோனை வைத்துவிட்டாள். அக்கா அப்படியே நாற்காலியில் சாய்ந்து வலிக்கிற காலை நீவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்து வந்தவருக்கு இன்னும் கனத்தது. தம் பொய்யைவிட அக்காவின் நம்பிக்கைதான் அந்தத் தங்கையை அடித்திருக்கிறது. அந்த நம்பிக்கையை அக்கா தம்மேல் அல்லவா வைத்திருந்தார்!

பாயைக் கேட்டு வாங்கிவந்தார். டப்பாவைத் திறந்து பார்த்தால் நகத்தளவு சிப் ஒன்று நடுவில் கருகிக் கிடந்தது. அதேபோன்ற சிப் தேடி நான்கு உடைந்த பெட்டிகளைப் பிரித்தார், ஐந்தாவதில் கிடைத்தது. இந்தத் தடவை மீட்டரை வைத்து ஒவ்வொரு முள்ளாக மூன்று முறை பார்த்தார். அக்கா வீட்டிலேயே கொண்டுபோய்ப் பொருத்தினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு பாய்மேல் ஏறி மெல்ல மிதித்தார். திரையில் இருந்தவன் தடுக்கித் தடுக்கி ஓடினான். அக்கா சிரிப்பார் என்று ஸ்குரு நினைத்தார். அக்கா தம் கால்களை மட்டும் வீடியோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார்.

"நீங்க கிளம்புங்க தம்பி. இனிமே இது எங்க விஷயம்."

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் கடைக்கு எதிரே சிக்னலில் பஸ் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அக்கா. கண்ணாடியை இறக்கினார்.

"பேசிட்டா தம்பி! முன்ன மாதிரி இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்றா. ஆனா பேசறா."

"காலு?"

"பாக்கறீங்கல்ல, ஓட்டறேன்!" பச்சை விழுந்தது, பஸ் நகர்ந்தது.

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள், பழுதான டேபிள் ஃபேன் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா தெருவில் வருவதைப் பார்த்தார். மேசைமேல் இடம் ஒதுக்கி வைத்தார். அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நிற்காமல் அடுத்த தெருவில் இருக்கும் ரிப்பேர் கடைப் பக்கம் திரும்பினார்.

கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடவில்லை. அக்கா செய்தது நியாயம்தான் என்று தோன்றியது.