மாதாவுக்குப் பின்னால் இருந்த சுவர்

அன்று காலையிலிருந்து, வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் நின்று நின்றுதான் வேலை செய்தது. பற்றும். கொஞ்ச நேரம் நல்ல சூட்டுக் காற்று வரும். பிறகு உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், நெருப்பு அணைந்துவிடும். விசிறி மட்டும் விடாமல் சுற்றி, நாங்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற் முழுவதும் குளிர்காற்றை ஊதும். அதுவும் நின்றபிறகு மேல்வீட்டில் நடக்கிறவர்களின் காலடி மட்டும் கேட்கும்.

வெளியே கடுங்குளிர் எச்சரிக்கை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தெருவில் நாயைக்கூட யாரும் வெளியே கொண்டுவரவில்லை.

அந்த பேஸ்மென்றில் நானும் செரீனா அக்காவும் அக்காவின் குழந்தையும் இருந்தோம். மரியோ குறைமாதத்தில் பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தாதி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இவனுடைய உடம்புக்குத் தன்னைத் தானே சூடாக வைத்திருக்க இன்னும் தெரியாது, அறை குளிரக்கூடாது. அக்காவின் கணவர் கஜீவன் அத்தான் ட்ரக் ஓட்டிக்கொண்டு வன்கூவர் பக்கம் போனவர், பனியில் பாதையை மூடிவிட்டார்கள் என்று அங்கேயே நின்றுவிட்டார். அக்கா பிள்ளையைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

“என்னடி செய்யுது உது?” என்றாள்.

“பார்க்கிறன்” என்றேன். பார்க்க மட்டும்தான் என்னால் முடியும்.

பேர்னஸ் எங்கள் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்தது. அதன் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. எத்தனை தரம் மின்னினால் என்ன பழுது என்று கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டது, காற்று ஓடுகிற வழியில் தடை, பில்ற்றரைப் பார்க்கவும் என்று இருந்தது. பில்ற்றரை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புதுசு. எங்கள் அறைகளில் காற்று வருகிற வென்ற்கள் எல்லாம் திறந்தே கிடந்தன. திருத்துகிற கொம்பனிக்குப் போன் எடுத்தேன். இந்தக் குளிரில் எல்லோருடைய வீட்டிலும் பழுது, நாளைக்குப் பின்னேரம்தான் வரலாம் என்றார்கள்.

சின்ன ஹீற்றர் ஒன்றைச் செருகினேன். பிறேக்கர் விழுந்து மின்சாரம் போனது. மேலே “ஐயோ, மாதாவின்ரை லைற் போச்சுது!” என்று பலபேர் சேர்ந்து கத்தினார்கள். ஹீற்றரைக் கழற்றிப் பிறேக்கரைத் தூக்கிவிட்டேன். கிறிஸ்துநாயகம் அங்கிள் படியில் பாதிவரை இறங்கிவந்தார். வீட்டுக்காரர் அவர்.

“பிள்ளையள், உதுகளைச் செருக வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?”

“பேர்னஸ் நிக்குது அங்கிள்.”

“கீழை ஈர உடுப்புக் காயப்போட்டிருப்பியள். ஈரம் பிடிச்சா உது அப்பிடித்தான்.”

“நாங்கள் போடேல்லை...”

“அது திரும்பப் பத்தும். மேலை சனம் வந்திருக்கு. பிறகு பாப்பம்.”

எங்கள் கோயில் பங்கில் மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போவது வழக்கம். ஒரு வீட்டில் ஒரு கிழமை, ஏழு நாள், இருக்கும். ஒவ்வொரு பின்னேரமும் அந்த வீட்டில் செபமாலை. சனிக்கிழமை அடுத்த வீட்டுக்காரர் பாட்டோடு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தக் கிழமை மேல்வீட்டு முறை. அங்கிளின் மனைவி றோசலின் அன்ரி அதற்காக ஒரு வருடம் காத்திருந்தவர்.

அங்கிளுக்குச் சொல்ல முடியாததை அன்ரியிடம் சொல்லலாம் என்று நான் மேலே போனேன். ஹோல் நிறையச் சனம். அன்றைக்குச் சனம் கூட வரும் என்று காலையிலேயே நிலத்தில் சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெற்றும் போர்வைகளும் விரித்திருந்தார்கள். அதற்குள் நிலத்து வென்ற்கள் எல்லாம் மறைந்துபோயிருந்தன. பெரிய சுவரில், கூரையிலிருந்து நிலம்வரை, கரைபோட்ட வெள்ளைச் சீலை. அதன் முன்னால் இரண்டு மேசை, பூக்கள், மின்விளக்குகள், நடுவில் மாதா.

அந்தச் சுவரை எனக்குத் தெரியும். வாடகைக்கு வீடு பார்க்க வந்த அன்று அங்கே கதவளவு கம்பித் தட்டி ஒன்று இருந்தது. வீட்டுக் காற்று முழுவதும் அதற்குள்ளால்தான் திரும்பிக் கீழே பேர்னசுக்குப் போகவேண்டும். இந்தப் பழைய வீட்டில் அதற்கு வேறு வழி இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே கீழே பேர்னஸ் பற்றும் சத்தம் மெல்லக் கேட்டது. கொஞ்சத்தில் சீலையின் நடுப்பகுதி தானாக உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டியது.

“அந்தா!” என்றது ஒரு குரல். சனம் முழுவதும் முழந்தாளில் நின்றது. “மாதா மூச்சு விடுறா. பாருங்கோ, மூச்சு விடுறா.”

ஸ்ரௌவ்வில்லில் இருந்து வந்த ஒரு அம்மா அழுதார். செபமாலை சொல்லுவிக்கிற அகஸ்ரின் அண்ணை குரலை உயர்த்தினார். யாரோ ரெக்ஸ்டேலில் இருக்கிற தமக்கைக்கு வீடியோ எடுத்து அனுப்பினார்கள். பிறகு நெருப்பு அணைந்து, விசிறியும் ஓய, சீலை தளர்ந்து விழுந்தது. எல்லோரும் இன்னும் உருக்கமாகச் செபித்தார்கள். நெடுநேரம் கழித்து அது மறுபடி உள்ளே போனபோது, “கேட்டிட்டா” என்றார்கள்.

அன்ரி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கண்டியே பிள்ளை?”

“அன்ரி, அது வந்து...”

“நான் இவவிட்டை ஒண்டுதான் கேட்டனான். நிசாந்தன் திரும்ப என்னோடை கதைப்பானெண்டா ஒரு அடையாளம் காட்டுங்கோ எண்டு. முதல்நாளே சீலை அசைஞ்சது.”

நிசாந்தன் அன்ரியின் ஒரே மகன். தகப்பனோடு சண்டைபிடித்துக் கல்கரிக்குப் போனவன். அன்ரி எடுத்தால் போனைத் தூக்குவதில்லை.

“கீழை குளிருது அன்ரி. பிள்ளைக்கு...”

“ஐயோ, ஏன் முதலே சொல்லேல்லை? இந்தா.” தன்னுடைய தடித்த போர்வை ஒன்றை என் கையில் திணித்தார். “எங்களுக்கு இஞ்சை சனத்தின்ரை சூடே காணும்.”

“அந்தச் சீலையைக் கொஞ்சம் விலத்தினா...”

“என்ன?”

“ஒண்டுமில்லை.”

போகிறபோது, யாரும் பார்க்காத நேரம், சீலையின் ஓரத்தைக் கீழிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டேன். பின்னால் தட்டிக்குள் போன காற்று என் விரலை இழுத்தது. நான் படியை அடையுமுன்னரே, “ஆரோ சீலையைக் குழப்பிப்போட்டினம்” என்று ஒரு அன்ரி எழும்பிப்போய் இழுத்து ஊசி குத்தி, அந்த மூலையில் ஒரு பூச்சாடியையும் வைத்தார்.

கீழே வந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். “இவன் பால் குடிக்கிறானில்லை. கால் விறைச்சிருக்கு.” நான் தொட்டுப்பார்த்தேன். உயிரில்லாத ஒன்றைத் தொட்டதுபோல் இருந்தது. மரியோ கத்தவும் இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அவனுக்குக் கத்துகிற பலமும் குறைந்திருந்தது.

“அம்புலன்சுக்கு அடியடி” என்றாள்.

நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா போர்வையோடு எழுந்து படியேறிவிட்டாள். “மேலை சூடு. அவை வரும்வரைக்கும் மேலை வைச்சிருப்பம்.” நான் போனைக் காதில் வைத்தபடி பின்னால் ஓடினேன்.

செபமாலை அந்தரத்தில் நின்றது. சனம் வழிவிட்டது. அன்ரி ஓடிவந்து பிள்ளையை வாங்கித் தன் மார்போடு அணைத்தார். கால்களைத் தடவினார். முகம் மாறியது.

“இப்பிடி விறைச்சிருக்கே! என்னப்பா, கீழை ஹீற் இல்லையோ?”

“நிண்டு நிண்டு வருதாம்” என்றார் அங்கிள். “நான் நினைச்சன்...”

“நீங்கள் என்னத்தைத்தான் நினைக்கேல்லை!”

எல்லோரும் மாதாவைப் பார்த்தார்கள். சீலை தளர்ந்து தொங்கியது. “மாதாவே, இந்தப் பச்சைப்பிள்ளையைப் பாருங்கோ” என்று அகஸ்ரின் அண்ணை தொடங்கினார்.

“அன்ரி, சீலையை எடுங்கோ” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணை நிறுத்தினார்.

“என்ன சொல்லுறாய்?”

“அதுக்குப் பின்னாலை காத்துப் போற தட்டி இருக்கு. காத்துப் போகாமல்தான் பேர்னஸ் கொதிச்சு நிக்குது. எடுத்தா நிக்காது.”

“உவள் என்ன கதைக்கிறாள்?” என்றார் ஸ்ரௌவ்வில் அம்மா. “மாதா கிழமை முடியுமுன்னம் அசைக்கிறதோ?”

அங்கிள் அன்ரியைப் பார்த்தார். அங்கிளுக்கு விளங்கிவிட்டது. அந்தத் தட்டியைத் துடைக்கிறவர் அவர்தான்.

அன்ரி குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி சீலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் விளங்கியது என்று எனக்குத் தெரிந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“நீயே எடு பிள்ளை” என்றார். “என்னாலை ஏலாது.”

அங்கிளும் அண்ணையும் மேசையோடு மாதாவைத் தூக்கி யன்னல் பக்கம் வைத்தார்கள். நான் கதிரையில் ஏறி ஊசிகளைக் கழற்றினேன். சீலை என் மேல் விழுந்தது. பின்னால் கம்பித் தட்டி, கறுத்துத் தூசி படிந்து, ஒரு அழுக்கான சுவர்த் துளை. அங்கிள் கார்ப்பெற்றைச் சுருட்டி நிலத்து வென்ற்களைத் திறந்தார். ஒரு சின்னப் பெட்டை, “ஓ, இற்ஸ் ஜஸ்ற் எ வென்ற்” என்றாள். தாய் அவளுடைய கையில் அடித்தார். சிலர் செருப்பைத் தேடிக்கொண்டு எழும்பினார்கள்.

நான் கீழே ஓடிப்போய்ப் பேர்னசின் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டேன். பற்றியது. நின்று கேட்டேன். ‘டக்’ வரவில்லை. மேலே ஏறியபோது அம்புலன்ஸ்காரர் வந்திருந்தார்கள். ஒரு பெண் மரியோவின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, கொண்டுபோகத்தான் வேண்டும், ஆனால் நல்ல நேரத்தில் சூடாக்கிவிட்டீர்கள் என்றாள். அன்ரியின் மார்பில் அவன் சிணுங்கத் தொடங்கியிருந்தான்.

அக்காவும் பிள்ளையும் போனபின் சனமும் கலைந்தது. அண்ணை மிச்சச் செபமாலையைச் சிலரோடு முடித்தார். அன்ரி அதில் சேரவில்லை. தட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார்.

“சூடு வருதோ?” என்றார்.

“வருது அன்ரி.”

“நிக்காமலோ?”

“நிக்காமல்.”

தலையை ஆட்டினார். கேட்கப்போகிறார் என்று பயந்தேன். கேட்டார்.

“அப்ப நிசாந்தன் போன் எடுக்கமாட்டான் என்ன?”

எனக்குப் பேர்னசைப் பற்றித்தான் தெரியும். இன்னொரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.